ஒரு வரிக்கு இரண்டு கைகள்

வெயில் மேசையில் விழுந்ததா, சுவரிலா, சரியாக நினைவில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் மாலையில் வெளியாக வேண்டும். அதன் நிரலின் ஒரே வரியை, குரல் வேகமாக வர வேண்டுமென்று கூட நிரல் எழுதும் தாடிக்காரனும், நிறுத்தி நிறுத்தி வர வேண்டுமென்று பார்வையற்ற வாத்தியாரும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றங்களை இணைக்கும் பொறுப்பிலிருப்பவள் ஆறிய காப்பியைத் தள்ளிவைத்து, இருவரையும் தொலைபேசியில் சேர்க்கிறாள். "ஒரே உறையில ரெண்டு கத்தியா அக்கா? அவரோடதை நீக்குங்க, இல்லேன்னா நான் விலகிக்கிறேன்" என்கிறான் தாடிக்காரன். "முதல்ல அவர் எழுதினதை நீ விளக்கு. நம்ம வழக்கம் அதுதானே?" என்கிறாள் அவள். தாடிக்காரன் வாத்தியாரின் வரியை முதலிலிருந்து படிக்கிறான். "நம்பர் வந்தா மட்டும்தான் நிறுத்துது... மத்ததெல்லாம் என் வேகத்துலயே போகலாம்." "முழுசாப் படிக்காமயா தம்பி மல்லுக்கு நின்னீங்க?" வாத்தியார் சிரிக்கிறார். அவள் விரல்கள் தயங்காமல் இரண்டையும் சேர்த்து எழுதுகின்றன. மாலையில் மென்பொருள் வெளியானது. வாத்தியார் இன்றும் நிரல் எழுதுகிறார். பின்னாளில் அவள் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டாள், இணைக்கும் வேலை இப்போது தாடிக்காரனுடையது, முழுதாகப் படிக்காமல் அவன் வாய் திறப்பதில்லை.