ஏறாத பிரஷர்

அன்றைக்கு மட்டும் எனக்குப் பிரஷர் ஏறியே ஆகவேண்டும்.

அதற்காக மூன்று நாளாக உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டேன். ஆஸ்பத்திரியின் நாலு மாடியும் ஏறி இறங்கினேன். பிரயோஜனமில்லை. வீடு மாற்றுகிறவர்களின் பிரிட்ஜையும் பீரோவையும் தூக்கிக்கொண்டு காலமெல்லாம் படியேறிய உடம்பு இது. வெறும் கையோடு ஏறியதை ஓய்வு என்று நினைத்துக்கொண்டது.

கோபப்பட்டுப் பார்க்கலாம் என்று மேஸ்திரியை நினைத்தேன். கூட வேலை செய்கிறவன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

"உனக்கு எங்கேர்ந்துய்யா பிரஷர் வரும்? பீரோ கால்ல விழுந்தாக்கூட பீரோவுக்கு அடிபட்டுச்சான்னு பாக்கற ஆளு நீ."

சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோபமும் போயிற்று.

மகன் பக்கத்து நாற்காலியில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று வயது. புது வேலைக்குச் சேரும்போது உடம்பைப் பரிசோதித்தார்கள். பிரஷர் நூற்று எழுபது. இந்த வயசில் இப்படி வரக்கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார். அப்புறம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

பெற்றவர்களுக்கு இருந்தால் இது குடும்பத்தோடு வந்ததாக இருக்கும், மாத்திரையில் அடக்கி வைக்கலாம். ரெண்டு பேருக்கும் இல்லையென்றால் சிறுநீரகம், ரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றாகத் தேடவேண்டுமாம்.

அவன் அம்மாவுக்கு இல்லை. அவள் கடைசியாகப் படுத்துக் கிடந்த நாளெல்லாம் நர்ஸ் வந்து அளந்துவிட்டு, குறைச்சலாக இருக்கிறது என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்.

மிச்சம் நான் ஒருத்தன்.

சுவரில் இதயம் வரைந்த படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ப, ர, ம், ப...

"வாப்பா, நம்மளத்தான் கூப்பிடறாங்க," என்றான் மகன்.

அவன் என் ரத்தம் இல்லை. அது அவனுக்குத் தெரியாது.

அவனைப் பெற்றவன் எனக்கு ஜோடி. பீரோ தூக்கினால் அவன் மேல்படியில், நான் கீழ்ப்படியில். ஒருநாள் பாதி மாடியில் தலை வலிக்குதுடா என்றான். என் மேல் பாரம் விழாமல் பீரோவைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, பிரஷர் ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்கள். முப்பத்தைந்து வயது. அந்தக் குடும்பத்து ஆண்கள் யாரும் நாற்பதைத் தாண்டியதில்லை என்று அவன் மனைவி பிறகு சொன்னாள்.

அப்போது அவள் கையில் ஆறு மாதக் குழந்தை. அது முதல்முதலாக அப்பா என்று கூப்பிட்டது என்னைத்தான்.

எனக்கும் பிரஷர் இருந்துவிட்டால் போதும். வழி பொய்யாக இருந்தாலும் டாக்டர் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. அவன் எனக்கு மகனாகவே இருந்துவிட்டுப் போவான்.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னார். இது ஏதோ ஒரே மரபணுவால் வருவதில்லையாம். பெற்றவர்களிடமிருந்து சின்னச் சின்னதாகப் பல சேர்ந்து வருவதாம், மூக்கும் முழியும் மாதிரி.

எனக்கு அவன் மூக்கைப் பார்க்க பயமாக இருந்தது. பம்பை அமுக்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, மூச்சு விடுங்க," என்று சிரித்தார் டாக்டர். "நூத்திப் பதினாறு, எழுபத்தாறு. தம்பிக்கு இருக்கவேண்டியது உங்களுக்கு இருக்கு."

இன்னொரு கையில் பாருங்கள் என்றேன். பார்த்தார். அந்தக் கையும் என்னைக் காப்பாற்றவில்லை.

அப்படியென்றால் தம்பிக்கு எங்கிருந்து வந்தது என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். சிறுநீரகத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று பேனாவை எடுத்தார்.

இல்லாத வியாதிக்குப் பிள்ளையைக் குத்தப்போகிறார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்த பேச்சு. வெளியே வர அதற்கு வழி தெரியவில்லை.

மகன் முந்திக்கொண்டான்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சு டாக்டர். முப்பத்தஞ்சுல போயிட்டாரு."

எங்கப்பா என்று அவன் சொன்னது என்னை இல்லை என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நல்ல பிரஷரோடு யாரோ ஒரு ஆள்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பட்டையை அவனே மெதுவாக அவிழ்த்தான்.

"அம்மா போறதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. உங்கிட்ட மட்டும் இதப்பத்திப் பேசக்கூடாதுன்னுச்சு. நீ தாங்கமாட்டியாம்."

அவள் போனதிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் ரெண்டே பேர். ஒரே சட்டியில் சமைத்து, ஒரே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறவர்கள்.

என்னிடம் அவள், அவன் தாங்கமாட்டான் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.