சிரட்டைத் தோட்டம்

“சந்தேகமே இல்ல டீச்சர். களவாணி எறும்புதான்!”

புதன்கிழமை காலை, வகுப்பறை ஜன்னல் திட்டில் குனிந்து நின்று ஆயா பாக்கியவதி தீர்ப்புச் சொன்னாள். திட்டு நெடுகத் தேங்காய்ச் சிரட்டைகள். எல்லாவற்றிலும் சிறுபயறு மண்ணை முட்டிக்கொண்டு தலை தூக்கியிருக்க, வன்னியராஜின் சிரட்டையில் மட்டும் வெறும் மண். அதைச் சுற்றி எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்தன.

ஞானசௌந்தரி டீச்சர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “பயறைத் தூக்கிட்டுப் போயிட்டோ?”

“பின்ன? எங்க வீட்ல உளுந்தையே உருட்டிட்டுப் போவுது. நாலு பயறு அதுக்கு எம்மாத்திரம்?”

பாளையங்கோட்டையின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சராக அவள் சேர்ந்த முதல் வருஷம் அது. ஜூன் மாதம் வந்த பிள்ளைகளெல்லாம் அழுது ஓய்ந்துவிட்டார்கள். வன்னியராஜ் மட்டும் ஓயவில்லை. காலையில் வாசல் கம்பியைப் பிடித்தான் என்றால் உடும்புப் பிடிதான்.

அவன் அப்பா கொம்பையா லாரி செட்டில் சுமை தூக்குகிறவர். போன வாரமே முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இன்னும் ஒரு வாரம் பாப்பேன் டீச்சரம்மா. அப்பவும் அழுதாம்னா வீட்டோட கெடக்கட்டும். இவன இங்கன கதற விட்டுட்டுப் போனா எனக்கு மூட்டை தூக்கவே கை ஓட மாட்டேங்கு.”

அந்த ஒரு வாரத்தில் பிள்ளையை எப்படியாவது பிடித்து வைக்கத்தான், டீச்சர் திங்கட்கிழமையே விதை போடும் பாடத்தை எடுத்தாள். ஆற்றங்கரையிலிருந்து பாக்கியவதி வண்டல் மண் அள்ளி வந்தாள். அன்றைக்கு ஸ்னேகாவுக்குப் பிறந்தநாள் வேறு. பட்டுப்பாவாடை சரசரக்க எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். வகுப்பே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

ஆளுக்கொரு சிரட்டையும் நாலு பயறும் கைக்கு வந்ததும், வன்னியராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல்முறையாக வாயைத் திறந்தான்.

“முளைச்சா நெறயக் காய்க்குமா டீச்சர்?”

“கொத்துக் கொத்தாக் காய்க்கும்லே!”

அவ்வளவுதான். அழுகை நின்றது. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, ஒருவருக்கும் காட்டாமல் மண்ணைத் தோண்டி மூடினான். செவ்வாய்க்கிழமை எல்லோரும் களிமண்ணில் மாடு செய்தபோது, கொம்பு வைக்காத மாட்டை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். புதன்கிழமை வாசல் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் கையை உதறிவிட்டு நேரே திட்டுக்கு வந்தான்.

வந்தவன் கண்ணில் பக்கத்துச் சிரட்டைகள் பட்டன. உதடு பிதுங்கியது.

“எனக்கு மட்டும் ஏன் வரல?”

“நாளைக்கு வரும்லே ராசா.”

“வரலேன்னா நானும் வரமாட்டேன்.”

பாக்கியவதி சிரட்டையைச் சுற்றி மஞ்சள்தூளைத் தூவி எறும்பை விரட்டினாள். எறும்பு போயிற்று. முளைதான் வரவில்லை.

வியாழக்கிழமை பிள்ளைகள் பூவரச இலையில் சாயம் தடவித் தாளில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். கை, கன்னம், சட்டை எல்லாம் பச்சை. வன்னியராஜ் மட்டும் திட்டின் முன்னால் உட்கார்ந்து மண்ணோடு பேசிக்கொண்டிருந்தான்.

“சீக்கிரம் வா. நாளையோட எங்கப்பா என்னைய நிறுத்திருவாரு.”

டீச்சருக்கு மனசு தாங்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் போனதும், மேஜைமேல் மாதிரிக்கு வளர்த்திருந்த தன் சிரட்டையிலிருந்து இரண்டு நாற்றை வேர் அறாமல் எடுத்தாள். வன்னியராஜின் மண்ணில் ஓரமாக விரலால் குழி போட்டுப் பதமாக ஊன்றினாள்.

“ஞாயித்துக்கெழம சர்ச்சுல பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதீகன்னு பாடம் எடுக்கீய. வியாழக்கெழம இந்த வேலையா?” என்று பாக்கியவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பைய பேசுங்கக்கா. நான் வாயத் தொறந்து ஒரு பொய்யாவது சொன்னனா? அவன் போட்டதும் பயறு, நான் வச்சதும் பயறு.”

“நல்லாருக்கு ஒங்க நியாயம்!”

வெள்ளிக்கிழமை. கொம்பையா பிள்ளையை விட்டுவிட்டு உடனே போகவில்லை. தோள்துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். வன்னியராஜ் உள்ளே ஓடினான். திட்டுக்கு முன்னால் போய் அப்படியே நின்றான்.

பச்சைப் பசேலென்று இரண்டு நாற்று.

அவன் போட்ட கூச்சலில், பாட்டுப் பாடிக்கொண்டிருந்த மொத்த வகுப்பும் வாயை மூடிக்கொண்டது. கைதட்டினான், குதித்தான், ஸ்னேகாவைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான்.

“சிரிக்கான் டீச்சரம்மா! எம்பிள்ள இங்கன நின்னு சிரிக்கான்!” கொம்பையா தோள்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இனிம அவன நிறுத்துத பேச்சே கெடையாது.”

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கம் பாக்கியவதி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டீச்சர் வன்னியராஜின் பக்கத்தில் குனிந்து, கன்னத்தைக் கிள்ளினாள்.

“பாத்தியாலே, ஒம் பயறும் முளைச்சிட்டு!”

வன்னியராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“பயற அன்னைக்கே தின்னுட்டேன் டீச்சர். இது முட்டாய் மரம்!”