மைனா எடுத்த வீடியோ

காட்டுக் கல்லூரியில் இதழியல் படித்துவந்த மைனாவுக்கு, கைபேசியிலேயே செய்தி தயாரித்துப் போடுவதுதான் அந்த வாரப் பயிற்சி. மழை விட்ட ஒரு மத்தியானம், வாயில் முட்டையோடு ஓடிய கீரியை மரக்கிளையில் உட்கார்ந்தபடியே பெரிதாக்கிப் படம்பிடித்தாள். "பட்டப்பகலில் முட்டைத் திருட்டு!" என்று தலைப்பு வைத்து, மற்ற மாணவர்களை முந்திக்கொண்டு போட்டாள். பொழுது சாய்வதற்குள் காடே பார்த்துவிட்டது. வகுப்பில் கைதட்டினார்கள்.

மறுநாள் கௌதாரி அவளைத் தேடி வந்தாள். "கூட்டுக்குள்ள தண்ணி ஏறுது, முட்டையை மேட்டுல கொண்டுபோய் வைங்கன்னு கீரியண்ணன்கிட்ட நான்தாம்மா சொன்னேன். கொஞ்சம் இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

மைனா கைபேசியை எடுத்தாள். உடனே வீடியோவை நீக்கினாள். கீரி திருடவில்லை, தப்பு என்னுடையதுதான் என்று எழுதிப் போட்டாள். அதை ஒன்பது பேர் பார்த்தார்கள்.

மன்னிப்புக் கேட்கக் கீரியின் வளைக்குப் போனாள். வளையின் வாயை யாரோ கல்லைப் போட்டு அடைத்திருந்தார்கள். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அவன் எங்கோ போய்விட்டானாம்.

அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. அவள் எடுத்த வீடியோவை அம்மா அவளுக்கே அனுப்பியிருந்தாள்.

"கண்ணு, இந்தத் திருடன் உங்க பக்கந்தான் சுத்துறானாம். பத்திரமா இரு."