கத்தரி

“என் செடியை மொட்டையடிச்சது யாரு?”

தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிய டீச்சரம்மா, கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. மாடி நடையில் நின்று அவள் போட்ட சத்தத்தில் நாலு கதவுகள் திறந்தன.

சத்தம் போடாமல் என்ன செய்வாள்? இடுப்பு உயரம் வளர்ந்து, ஊதாப் பூவும் நடுவில் மஞ்சள் பொட்டுமாகக் குலுங்கிய செடி. வெயில் பார்த்து நகர்த்தி, வாரம் தவறாமல் உரம் வைத்து வளர்த்தது. குடியிருப்பின் பூச்செடிப் போட்டிக்கு இரண்டே மாதம். இப்போது தொட்டியில் சாண் உயரத்துக்கு ஏழெட்டுக் குச்சிகள்தான் நின்றன.

எதிர் வீட்டு சலூன்காரர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

“நான்தாம்மா. தொட்டியில ‘கத்தரி’ன்னு எழுதிச் செருகியிருந்தீங்களே! சரி, நம்ம தொழிலை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்காங்கன்னு கத்தரிச்சுட்டேன்.”

நடையே சிரித்தது. டீச்சரம்மாவின் கணவர் மட்டும் பெட்டியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

“ஐயோ அண்ணே, அது செடியோட பேரு!”

சரியாகச் சொன்னால், குடும்பப் பெயர்தான். என்ன செடி, என்ன செடி என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். அதன் அசல் பெயரோ வாயில் நுழையாது. கத்தரிக்காய்க் குடும்பம், ஆனால் காயைத் தின்னக்கூடாது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். அதனால் ஐஸ் குச்சியில் ‘கத்தரி’ என்று எழுதிச் செருகியிருந்தாள்.

“தப்புதாம்மா” என்றார் சலூன்காரர்.

“நாளையிலேருந்து என் கிளாசுக்கு வந்துடுங்க. முன் பெஞ்சு காலியாத்தான் இருக்கு!”

அதோடு விட்டாளா? மாடிப்படியில், பால் கடையில், ஸ்டாஃப் ரூமில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரே வாரத்தில் சலூன்காரருக்கு ‘முன் பெஞ்சு’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஷேவிங்குக்கு உட்கார்ந்தவர்களே அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சோப்பைக் குழைத்தார்.

செடி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் கணுவுக்குக் கணு துளிர் விட்டது. போட்டியன்று இலை தெரியாமல் பூ. முதல் பரிசு!

“சரியான நேரத்துல நல்லா ஒட்ட வெட்டி விட்டிருக்கீங்க” என்றார் நடுவர்.

“ஆமாம் சார்” என்றாள் டீச்சரம்மா, கூசாமல்.

வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. ஒரு கிளையை வெட்டிச் சின்னத் தொட்டியில் வைத்தாள். அது வேர் பிடித்ததும் எடுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். சலூன்காரரின் மனைவி திறந்தாள்.

“அண்ணனுக்குக் கொடுங்க அக்கா. இந்தத் தடவை ‘வெட்டாதே’ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன். நல்லாப் படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க!”

“அவர் எங்க டீச்சர் படிக்கிறது? எழுத்தே தெரியாதே. மாத்திரை டப்பாவைக்கூட நான்தான் வாசிச்சுச் சொல்லணும்.”

டீச்சரம்மாவின் முகம் சுண்டிப்போனது. முன் பெஞ்சு, முன் பெஞ்சு என்று ஊரெல்லாம் பரப்பிய நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சட்டென்று தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க!”

கணவர் வந்தார்.

“அந்தக் குச்சியை அவருக்கு யாரு படிச்சுக் காட்டினது?”

கணவர் ஓரடி பின்வாங்கினார்.

“நான்தான். டி.வி.யில நம்ம டீம் மேட்ச் ஜெயிச்ச குஷியில நடைக்கு ஓடி வந்து குதிச்சேன். கால் வழுக்கி நேரா செடிமேலேயே விழுந்துட்டேன். ஒரு கிளை உருப்படியா இல்லை. அவர்தான் ஒடிஞ்சதையெல்லாம் வெட்டிச் சரிபண்ணி விட்டாரு.”

“சரி, அதுக்கு அவர் எதுக்குங்க பழியை ஏத்துக்கணும்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘உங்க வீட்டம்மா என்னைத் திட்டினா, நான் கதவைச் சாத்திட்டு எங்க வீட்டுக்குள்ள போயிடுவேன் சார். நீங்க எங்க போவீங்க?’ன்னாரு.”