அவர் எழுதாத கட்டுரை

மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராய்ந்தே தலை நரைத்தவர் அந்தப் பேராசிரியர். ஆனால் இணையத்தில் அவருடைய கட்டுரைகளின் வரிசையில் முதலில் நின்றது, பச்சிளங்குழந்தைகளின் மூச்சுத்திணறல் பற்றிய ஒன்று. அதை அவர் எழுதவில்லை. யாரோ செய்த குளறுபடி என்றுதான் நினைத்தார். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒன்றைத்தான் உலகம் அதிகம் மேற்கோள் காட்டியது. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. அதற்கே விருதும் வந்தது.

விழா முடிந்ததும் ஒரு டாக்டரம்மா ஓடி வந்தார்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? எங்க குழந்தைங்க வார்டுல மாசக்கணக்கா இருந்தீங்களே!"

மறுத்திருக்கலாம். பக்கத்தில் விருதுக்குழுத் தலைவர் சிரித்தபடி நின்றார்.

"மறக்க முடியுமாம்மா?" என்றார் பேராசிரியர்.

டாக்டரம்மா செல்போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு, ஒரு சிசுவின் நெஞ்சை நீவிக்கொண்டு நின்றவர் அவரேதான். இளவயது முகம், மனைவி பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டர். அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே அவர் போனதில்லை.

விழாவுக்குக் கூட வந்திருந்த மனைவி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். படத்தின் மூலையில் போட்டிருந்த அந்த வருஷம்தான் அவர்களுடைய மகள், கைக்குழந்தையாக இருக்கும்போதே, மூச்சுத்திணறி இறந்தாள். கருத்தரங்கை விட்டு வர முடியாது என்று அவர் வெளியூரிலேயே இருந்துவிட்டார்.

"இவரு எவ்வளவு பொறுமையா நிக்கிறாரு, பாருங்க" என்றாள்.

அந்தப் படம் இப்போது வீட்டுக் கூடத்தில், மகளின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி தினமும் துடைத்து வைக்கிறாள். பேராசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போகிறார்.