மாப்பிள்ளை மொட்டை

பஸ்ஸிலிருந்து மருமகன் உடையப்பன் மொட்டைத் தலையோடு தனியாக இறங்கி வருவதைப் பார்த்ததும், நாகமணி கையிலிருந்த குடத்தை அப்படியே போட்டுவிட்டாள். அவனைப் பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது யாருக்கு மொட்டை?

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து வந்துபோன மகள் கலாவதி, சோறு இறங்காமல் தூக்கமில்லாமல் துரும்பாகத்தான் இருந்தாள்.

"ஐயோ மாப்பிள்ளே, எம்பொண்ணு எங்கே?"

"அழாதீங்க லா அத்தே! பின்னால லட்டு வாங்கிட்டு வர்றா. இது பத்துமலை முருகனுக்கு வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"அவ யுனிவர்சிட்டி ஆராய்ச்சி ஜெயிக்கணும்னு. வானத்துல கருந்துளைன்னு ஒண்ணு இருக்காம். அதைச் சுத்தி ஸ்கேலர் புலம்னு எதுவும் ஒட்டி நிக்காது, அது வெறும் மொட்டைதான்னு பெரிய ஆளுங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம். நிக்கும்னு இவ கணக்குப் போட்டுக் காட்டிட்டா. டாக்டர் பட்டம் குடுத்துட்டாங்க அத்தே!"

நாகமணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தோட்டத்து லய வீடுகளெல்லாம் கேட்க, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கத்தினாள்:

"அடியே அம்சவள்ளி, ஓடியா! எம்மவ வானத்து மொட்டைக்கே முடி முளைக்க வச்சிட்டா!"

உடையப்பன் தலையைத் தடவிக்கொண்டான்.

"எல்லாம் என் முடிதான் அத்தே!"