பதினான்காவது மேசை

எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது.

காலை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியதும், லிஃப்ட் மெக்கானிக் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார். இனி ஓடுவது எதிராளியின் நேரம். அரை மணிக்குள் ஆள் வராவிட்டால் ஆட்டம் இவருக்கு.

கூடத்தில் அறுபது மேசைகள். இத்தனை பேர் இருந்தும் இருமல் சத்தம் மட்டும்தான்.

இந்தப் பதினான்காவது மேசைக்கு வந்து சேர அவருக்கு மூன்று வருடம் பிடித்தது.

செஸ் போட்டியில் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களைத்தான் எதிரெதிரே உட்கார வைப்பார்கள். ஜெயிக்க ஜெயிக்க முன்மேசை, தோற்கத் தோற்கப் பின்மேசை. முதல் ஏழெட்டுப் போட்டிகளில் அவர் கடைசி வரிசையைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கை கொடுத்து, "தேங்க்யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் அவர் லிஃப்டுக்குப் போடுவது மாதிரி தனக்கும் ஒரு பராமரிப்பு அட்டவணை போட்டார். வாடகை அறையின் சுவரில் அதை ஒட்டிவைத்தார்.

காலை ஐந்திலிருந்து ஆறு வரை இருபது புதிர்கள். ஒன்று தவறினாலும் மறுநாள் அதே இருபது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மொட்டை மாடி மோட்டார் அறையில், கருவிப் பெட்டியின் மேல் சின்னப் பலகையை விரித்து காய்கள் குறைந்தபின் வரும் இறுதிக்கட்ட ஆட்டம் மட்டும். சாயங்காலம் ஒரு முழு ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரம் தோற்றதையெல்லாம் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் எங்கே கெட்டது என்று ஒரு வரி.

அவசரம். அவசரம். குதிரையைப் பார்க்கவில்லை. அவசரம்.

"மேல கீழ போறதுதான் நம்ம பொழப்பு. உங்களுக்குக் குறுக்க வேற போகணுமாண்ணே?" என்று கூட வேலை செய்பவன் கேட்டான்.

அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் முதல் வருடம் முழுக்க ரேட்டிங் ஏறவே இல்லை, இறங்கியது. ஐம்பத்து மூன்று வயது மண்டையில் எதை ஊற்றினாலும் ஓட்டைப் பானையாக ஒழுகியது. நேற்றுப் படித்தது இன்று இல்லை. இரண்டு முறை அட்டவணையைக் கிழித்துப் போட்டார். இரண்டு முறையும் உட்கார்ந்து புதிதாக எழுதினார்.

இரண்டாவது வருடம் ஒரு மேசை முன்னேறினார். பிறகு மூன்று. ஒரு போட்டியில் இந்த எதிராளிக்கு இரண்டே மேசை தள்ளி உட்கார்ந்தார். அடுத்த சுற்றில் தோற்று மறுபடி பின்னால் போனார். அன்று வீடு திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே அழுகை வந்தது.

எதிராளியின் இருநூற்றுப் பதினான்கு ஆட்டங்களும் அவருக்கு மனப்பாடம். தொடக்கத்தில் நிதானம். பின்தங்கினால் பிடிவாதம். சமன் செய்யலாமா என்று யாரிடமும் கேட்டதில்லை. போன வருடம் ஒரே மாதத்தில் வரிசையாக ஆறு தோல்வி. உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மாலை ஜோடிப் பட்டியலை ஒட்டினார்கள். இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லும்வரை அவர் அதைப் படித்துக்கொண்டே நின்றார். போகிற வழியில் சலூனில் நுழைந்து முகம் வழித்துக்கொண்டார். இருக்கிற சட்டைகளில் நல்லதை எடுத்துத் தேய்த்து வைத்தார்.

ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான்கு மணி நேர ஆட்டம். விதிப்படி பேசக் கூடாது. ஆனால் எதிரே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அது போதும்.

இருபத்தாறு நிமிடம். கதவு திறந்தது. தண்ணீர் கொண்டுவருகிறவர்.

இருபத்தொன்பது.

முப்பதாவது நிமிடத்தில் நடுவர் வந்து கடிகாரத்தை நிறுத்தினார். குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"பாயின்ட் உங்களுக்குத்தான் சார். அந்தப் பொண்ணு நேத்து பட்டியலப் பாத்ததுமே விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கு. ஆஃபீஸ்ல இப்பத்தான் சொல்றாங்க. பெண்கள் கோப்பை வாங்க வேண்டிய பொண்ணு. என்ன கஷ்டமோ."

மெக்கானிக் பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் விலகிக்கிட்டா அவளத் திரும்பச் சேத்துக்குவீங்களா?"

நடுவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விதியில் அதற்கு இடமில்லை என்றார். ஆட்டத்தாளை வாங்கிச் சரிபார்த்தவர், எதிராளியின் இனிஷியல் தப்பாக இருக்கிறது என்று காட்டினார்.

மகளின் பெயருக்கு முன்னால் அவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தார். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போகும்வரை, அவளுடைய நோட்டுப் புத்தகங்களில் அவர் எழுதிக் கொடுத்தது அப்படித்தான். கை அதையே எழுதியிருந்தது.

நடுவர் அந்த எழுத்தை ஒரே கோட்டில் அடித்தார். பட்டியலைப் பார்த்து, அதில் இருந்த இனிஷியலை மேலே எழுதினார். அது அவள் அம்மாவின் பெயரின் முதல் எழுத்து.

பிறகு, வென்றவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.